மலைநீரில் எத்தனை குதிரைவலு?

காற்றடைத்த இறப்பர் படகு ஒன்றுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்கப் புறப்படுகிறவர் கடையிற் கால் வைத்ததும் கேட்கும் முதற் கேள்வி, அநேகமாக எப்போதும், அது எத்தனை குதிரைவலு என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வி தவறானதன்று. ஆனால் முதலிற் கேட்கத்தக்கதன்று. படகின் நீளம் என்ன, அது மிதக்கப்போகும் நீர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அந்நீரின் அடியில் என்னென்ன கிடக்கின்றன, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நீர்விளிம்பு வரை இயந்திரத்தைத் தோளிற் சுமப்பவர் யார் என்னும் நான்கு விஷயங்களும் தெளிவான பிறகு, குதிரைவலு என்பது தானாகவே தீர்மானமாகிவிடும் ஒரு சிறு தொகை மாத்திரமே. நீர்கொழும்பிலோ மன்னாரிலோ வாழ்பவருக்கு இந்நான்கிற் சிலவற்றை மறந்தாலும் பெரிய நஷ்டம் நேராது. மஸ்கெலியாவில் வாழ்பவருக்கு ஒன்றையும் மறக்க முடியாது.

மஸ்கெலியா ஓயாவை மறித்து எழுப்பப்பட்ட மவுஸ்ஸாகலை அணையின் பின்னே 1969இல் தேங்கத் தொடங்கிய நீர், ஏறக்குறைய 1,150 மீற்றர் உயரத்தில், நிரம்பிய காலத்தில் 12 கோடி கன மீற்றருக்கும் சற்று மேலாக, தேயிலைச் சரிவுகளின் காலடியெல்லாம் நனைத்துக்கொண்டு, சிவனொளிபாத மலையின் நிழல் தொடும் தூரத்தில் பரந்து கிடக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீரின் அடியில் இருக்கிறது. கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த பூமியை நீருக்கு விட்டுக்கொடுத்து, ஜனங்கள் மேட்டிற்கு வந்து இன்றைய நகரத்தை அமைத்துக்கொண்டார்கள். மழை பொய்க்கும் வருஷங்களில் நீர்மட்டம் தாழும்போது அந்தப் பழைய கட்டடங்களின் எச்சங்கள் சேற்றினின்று வெளிப்படுவதையும், அவற்றைக் காணத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கி வருவதையும் இப்பகுதியார் நன்கறிவர். படகுக்காரர் அறிய வேண்டியது, அவை வெளிப்படாத காலங்களிலும் அங்கேயேதான் இருக்கின்றன என்பதாகும். அந்த விஷயத்துக்குப் பின்னர் வருவோம்.

முதலிற் படகின் நீளத்தைப் பார்ப்போம். இருவர் ஏறத்தக்க சாதாரண இறப்பர் படகு 3 மீற்றர் நீளம் உடையது; அதில் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி உத்தேசமாக 2.7 மீற்றர். இத்தகைய படகு நகரும்போது முகப்பில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. நீர்ப்பரப்பில் ஓடும் அலையின் வேகத்துக்கும் நீளத்துக்கும் இயற்கை விதித்திருக்கும் சம்பந்தம் மிக எளியது: வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப நீளம் வளரும். ஆகவே படகின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீற்றரை, அதாவது மணிக்கு 7½ கிலோமீற்றரை அடையும் தருணத்தில், அது எழுப்பும் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடுகிறது. முகப்பு ஓர் அலையின் முகட்டிலும், பின்புறம் அதற்கு முந்திய பள்ளத்தை விட்டு விலக முடியாமலும் அகப்பட்டுக்கொள்ள, படகு தானே உண்டாக்கிய மேட்டின் மீது தானே ஏற வேண்டிய பரிதாப நிலையை அடைகிறது. அந்த எல்லைக்கு மேல் 3 குதிரைவலுவைக் கொடுத்தாலும் 5 குதிரைவலுவைக் கொடுத்தாலும் படகின் மூக்கு உயர்வதும், பின்னே நீர் கொந்தளிப்பதும், பெற்றோல் கரைவதுமே பிரத்தியட்சமான பலன்கள். வேகம் கூடுவது அற்பம்.

இந்த மேட்டைத் தாண்டிவிட ஒரு மார்க்கம் உண்டு. போதிய வலு இருக்குமானால் படகு அலையைக் கிழிப்பதை விட்டுவிட்டு, நீரின் மேல் எழும்பி, அதன் பரப்பின் மீது சறுக்கத் தொடங்குகிறது. அதற்கு, படகு, மனிதர், இயந்திரம், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடையில் 20 முதல் 25 கிலோகிராமுக்கு ஒரு குதிரைவலு வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 40 கிலோகிராம் படகு, இரு மனிதர்கள், அவர்களைச் சறுக்கவைக்கத்தக்க 40 கிலோகிராம் இயந்திரம், தாங்கி, துடுப்பு, இதர சாமான்கள் என்று கூட்டினால் 230 கிலோகிராம் ஆகிறது. அதற்குக் கடல்மட்டத்திலேயே 10 குதிரைவலு தேவை. மேலும், அடித்தளம் பலகையாலோ அலுமினியத்தாலோ அதிக அழுத்தத்திற் காற்றடைத்த மெத்தையாலோ விறைப்பாக அமையாத படகு, எத்தனை குதிரைவலுவைப் பூட்டினாலும் நெளிந்துகொண்டே போகுமேயன்றிச் சறுக்காது. ஆகவே மெல்ல மிதந்து செல்லும் படகுக்கு 2½, சறுக்கும் படகுக்கு 10 என்று இரண்டு நியாயமான தெரிவுகளே இருக்கின்றன. இடையிலுள்ள 4, 5, 6 என்பவை ஒருவர் தனியாகச் செல்லும் இலேசான படகுக்கு ஒருவாறு பொருந்தினும், இருவர் ஏறும் படகுக்கு முன்னதன் சிக்கனத்தையும் பின்னதன் வேகத்தையும் ஒருங்கே இழக்கும் பொருத்தமற்ற கொள்முதல் என்பது என் அபிப்பிராயம்.

"மெல்ல மிதந்து செல்ல ஒரு குதிரைவலு போதாதா?" என்று கேட்கலாம். காற்றில்லாத காலை வேளையிற் போதும். ஆனால் இறப்பர் படகு பாதி நீரிலும் பாதி காற்றிலும் வாழும் பிராணி. அதன் பருத்த குழாய்களும் அதன்மேல் அமர்ந்திருக்கும் இரு மனிதரும் சேர்ந்து ஒன்றரைச் சதுர மீற்றர் முகப்பைக் காற்றுக்குக் காட்டுகிறார்கள். தென்மேற்குப் பருவகாலத்தில் பள்ளத்தாக்கின் வழியே மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் காற்று எதிர்த்து வருமானால் அது படகைப் பின்னுக்குத் தள்ளும் விசை 8 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே படகைச் சொன்ன வேகத்தில் இழுப்பதற்கு நீர் காட்டும் தடையோ 10, 12 கிலோகிராம் அளவு. இரண்டையும் சேர்த்து 20 கிலோகிராம் உந்துவிசையை, வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில், இயந்திரம் இடைவிடாமற் கொடுக்க வேண்டும். விசிறியிற் கழிந்துபோகும் நஷ்டத்தையும் சேர்த்துக் கணித்தால் ஒன்றரைக் குதிரைவலு ஆகிறது. சற்றே கைவசம் இருக்கட்டும் என்று இரண்டேகால் வைத்துக்கொள்வது விவேகம்.

அந்த நஷ்டம் எங்கே போகிறது என்பதை அறிந்தால்தான் விசிறியைத் தெரிவு செய்யும் கலை புலப்படும். இயந்திரத்தின் அடியிற் சுழலும் விசிறி படகைத் தள்ளுவதில்லை. அது நீரைப் பின்னே எறிகிறது, எறியப்பட்ட நீரின் எதிர்விளைவே படகை முன்னே தள்ளுகிறது. 20 கிலோகிராம், அதாவது 200 நியூட்டன் உந்துவிசையை இரண்டு விதமாகப் பெறலாம். வினாடிக்கு 100 கிலோகிராம் நீரைப் பிடித்து அதற்கு 2 மீற்றர் வேகத்தை ஊட்டலாம். அல்லது 25 கிலோகிராம் நீரைப் பிடித்து 8 மீற்றர் வேகத்தை ஊட்டலாம். இரண்டிலும் உந்துவிசை ஒன்றே. ஆனால் எறியப்பட்ட நீர் தன்னோடு எடுத்துச்செல்லும் சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் முதலாவதில் வீணாவது 200 வாட், இரண்டாவதில் 800 வாட். அதிக நீரை மெதுவாகத் தள்ளுபவன் குறைந்த நீரை ஆவேசமாக வீசுபவனை விடச் சிக்கனக்காரன் என்ற இந்த உண்மைதான், பெரிய கப்பல்களின் விசிறிகள் பெருத்த விட்டத்துடன் நிதானமாகச் சுழல்வதற்கும் காரணம். 2½ குதிரைவலு இயந்திரத்தின் விசிறி ஒரு சாணுக்கும் குறைந்த விட்டமுடையதாயினும், ஏறக்குறைய முதற் கணக்கை ஒட்டியே வேலை செய்கிறது.

விட்டத்துக்கு அடுத்தபடி அதன் முறுக்கு. ஒரு முழுச் சுற்றில், நீர் வழுக்காமல் இருந்தால், விசிறி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதையே முறுக்கின் அளவாகக் கொள்கிறார்கள். அது குறைந்தால் இயந்திரம் விரைவாகச் சுற்றிப் பாரத்தை எளிதாக இழுக்கும், கூடினால் இலேசான படகு வேகமாகப் போகும். நோர்வூட்டிலிருந்து தேயிலை ஏற்றிய லொறி மேடேறும்போது சாரதி கியரைத் தாழ்த்துவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. மலையில் இயந்திரத்தின் வலு குறைவதால், கடலோரத்தில் அதற்கு உரிய விசிறியை விட ஓரங்குலம் முறுக்குக் குறைந்த விசிறியைக் கேட்டு வாங்குதல் நல்லது. 10 குதிரைவலு இயந்திரத்துக்கு இது அவசியம். சிறியதற்கு விசிறியில் அவ்வளவு தெரிவு கிடைப்பதில்லை.

வலு ஏன் குறைகிறது? 1,150 மீற்றர் உயரத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் கடல்மட்டத்தை விட நூற்றுக்கு 13 பங்கு குறைவு. நீர்கொழும்பின் 30 பாகை வெப்பத்துக்குப் பதிலாக இங்கே 20 பாகைக் குளிர்ச்சி நிலவுவதால் காற்று சற்றே அடர்ந்து அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடு செய்கிறது. ஆயினும் ஒவ்வொரு உறிஞ்சலிலும் உருளைக்குள் புகும் பிராணவாயு 10 பங்கு குறைந்தே இருக்கிறது. 2½ குதிரைவலு என்று பொறித்த இயந்திரம் இங்கே இரண்டேகால். 10 என்று பொறித்தது 9. நாம் விவேகமெனக் கொண்ட இரண்டேகாலும் இங்கே கிடைப்பதும் ஒன்றாயிருப்பதால் சிறியதற்குக் குறையில்லை. சறுக்குவதற்கென்று மட்டாகக் கணக்கிட்டு 10 வாங்கியவரோ, இந்த ஒரு குதிரைவலுக் குறைவினால் மேட்டின் உச்சியிலேயே நின்றுவிடக்கூடும். காபரேற்றரோ காற்று மெலிந்ததை அறியாமல் ஏறத்தாழப் பழைய அளவிலேயே எரிபொருளைக் கலக்கும். விளைவாகப் பிளக் கரிபிடித்து, காலைக் குளிரிற் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இயந்திரம் முனகி ஓயும். சற்றே சிறிய துளையுடைய ஜெற் ஒன்றைப் பொருத்துவதே இதற்குப் பரிகாரம். எரிபொருளை அளந்து பீய்ச்சும் புதிய ரக இயந்திரங்கள் காற்றின் அடர்த்தியைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன.

உயரம் இயந்திரத்தோடு மாத்திரம் விளையாடுவதில்லை. கடற்கரையில் 0.25 பார் அழுத்தத்துக்குக் காற்றடைத்த படகை அப்படியே லொறியில் ஏற்றி மஸ்கெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளியே அழுத்தம் குறைந்துவிட்டபடியால், குளிர்ச்சியினால் உள்ளே சற்றுச் சுருங்கியும் கூட, அளவி 0.34 பார் காட்டும். வழியில் வெயிலும் பட்டால் தையல்கள் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வந்து, நீரில் இறக்கிச் சற்றுக் குளிரவிட்ட பிறகு, குறைந்ததை அடித்துக்கொள்வதே முறை. காற்றடைத்த படகு என்றால் நம்பிக்கையற்றது என்று எண்ணவும் வேண்டாம். 1952இல் அலெய்ன் பொம்பார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அத்தகைய படகொன்றிற் பாய் கட்டித் தனியாக அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார்.

எவ்வகை இயந்திரம் என்பது அடுத்த கேள்வி. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட், காதலிக்காக ஏரியின் மறுகரையிலிருந்து துடுப்பு வலித்துக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் வழியிலேயே உருகிப்போனதால் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கற்பனை செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் 28 கிலோகிராம் எடையில் ஒன்றரைக் குதிரைவலு தந்தது என்பது மெய். அன்று தொட்டு நெடுங்காலம் ஆட்சி செய்தது இரண்டடிப்பு இயந்திரம். அதில் வால்வுகள் இல்லை. புதிய கலவை உள்ளே வருவதும் பழைய புகை வெளியே போவதும் ஒரே தருணத்தில் நிகழ்வதால், கலவையின் காற்பங்கு, சில வேளை அதற்கும் மேல், எரியாமலே புகையோடு நீருக்குள் போய்விடுகிறது. பெற்றோலோடு கலந்த மசகெண்ணெயும் உடன் செல்கிறது. மத்திய ஐரோப்பாவின் கொன்ஸ்டன்ஸ் ஏரியில் 1990களிற் புகைக்கட்டுப்பாடு வந்ததும், அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999இல் பழைய ரக இரண்டடிப்பு இயந்திரங்கள் தடைசெய்யப்பட்டதும் இக்காரணத்தால்தான். மவுஸ்ஸாகலை நீருக்கு இவ்விஷயம் அவ்வேரிகளை விட நெருக்கமானது: மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை ஆகின்றன, அந்தக் களனி நீரை அம்பத்தலையில் எடுத்துத்தான் கொழும்பு நகரம் குடிக்கிறது. நாலடிப்பு இயந்திரம் எடையிலும் விலையிலும் கூடியதாயினும், எண்ணெயைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மரியாதை உடையது.

கரையோர மீனவர் பயன்படுத்தும் மண்ணெண்ணெய் இயந்திரம், பெற்றோலிற் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறக்கூடியது. குளிர்ந்த மலையில், குறுகிய பயணங்களுக்கு, அது சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். அதன் மலிவும் 2022 ஆகஸ்டில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிய அன்றே, பழங்கதையாயிற்று.

மின்மோட்டார் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மெலிந்த காற்று அதை அணுவளவும் பாதிப்பதில்லை. இவ்வகையிற் சிறியவற்றைக் குதிரைவலுவால் அன்றி உந்துவிசையால் அளக்கிறார்கள். 55 இறாத்தல் என்று குறித்தது, படகு நிற்கும் நிலையில், 25 கிலோகிராம் விசையுடன் தள்ளும். படகு ஓடத் தொடங்கியதும் அது குறையும். முழுவேகத்தில் 12 வோல்ற்றில் 50 அம்பியர், ஆக 600 வாட் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்றில் அடங்குவது 1.2 கிலோவாட்-மணி, அதன் ஆயுளைக் காக்கப் பாதியையே செலவிடலாமாதலால், முழுவேகத்தில் ஒரு மணி நேரமே ஓடும். ஆனால் நீர்த்தடையை வெல்லும் வலு ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கேற்பக் குறைவதால், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு வலுவே போதும். அமைதியான நீரில் அதே பற்றரி எட்டு மணி நேரம் உழைத்து, நான்கு மடங்கு தூரம் கொண்டுபோய் விடும். அவசரமில்லாதவனுக்கு இயற்கை அளிக்கும் சலுகை இது. பெற்றோலின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை: ஒரு லீற்றரில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி சக்தி இருக்கிறது, சிறு இயந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக்கினாலும், 28 கிலோகிராம் பற்றரி தருவதை விட முக்கால் கிலோகிராம் திரவம் தருவது அதிகம். லிதியம் பற்றரியோடு வரும் ஒரு கிலோவாட் மோட்டார், எல்லாம் சேர்த்து 15 கிலோகிராமில், இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்திருக்கிறது. விலைதான் தோட்டத்துச் சம்பளத்தைப் பரிகாசம் செய்கிறது. பற்றரியை நிரப்பும் மின்சாரத்தையோ இந்நீர்தான் கீழே கனியன் நிலையத்தில் உற்பத்தி செய்கிறது: ஒரு கன மீற்றர் நீர் 200 மீற்றர் விழுந்தால் அரை அலகு மின்சாரம் என்பது பொதுக்கணக்காகையால், நம் பற்றரியை ஒரு முறை நிரப்ப மூன்று கன மீற்றர் நீர் சுழலியின் வழியே போனாற் போதும்.

இனி நீரின் அடியில் இருப்பவை. மாசி, பங்குனி மாதங்களில் மட்டம் தாழும்போது, முன்னொரு காலத்து மரங்களின் அடிக்கட்டைகளும், தேயிலைத் தூர்களும், சுவர்களும் நீர்ப்பரப்புக்கு ஒரு முழம் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அக்காலத்திற் சறுக்கிச் செல்லும் படகு அபாயம் என்பதை வற்புறுத்த வேண்டியதில்லை. பல சிறு இயந்திரங்களில் விசிறியையும் அச்சையும் இணைப்பது ஒரு மெல்லிய உலோக ஊசி. விசிறி கட்டையில் மோதினால், பற்சக்கரங்கள் உடையாதபடி, அந்த ஊசி முறிந்து தன்னைப் பலிகொடுக்கும். அதற்கு மாற்றாக ஆணியைச் செருகுகிற சாமர்த்தியசாலிகள் அடுத்த மோதலிற் பற்சக்கரத்தையே இழப்பார்கள். மாற்று ஊசிகளையும், ஒரு குறடையும், ஒரு சோடித் துடுப்பையும் படகில் வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் தண்டு 38 சென்ரிமீற்றர் என்னும் குட்டை ரகமாக இருக்கட்டும். நீளமான 51 சென்ரிமீற்றர் தண்டு சிறு படகில் வீணாகத் தாழ்ந்து கட்டைகளைத் தேடிப் போகும். விசிறிக்கு மேலேயுள்ள தட்டையான தகடு படகின் அடித்தளத்துக்குச் சற்றுக் கீழே நிற்பதே சரியான பொருத்தம். அதற்கு மேலே நின்றால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். கரையோரச் சேற்று நீர் குளிரூட்டும் பம்பின் இறப்பர்ச் சக்கரத்தைத் தேய்ப்பதால், காற்றாலேயே குளிரும் ஹொண்டாவின் 2.3 குதிரைவலு போன்றவற்றுக்கு இங்கே ஒரு விசேஷ அனுகூலம் உண்டு. அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிற் கட்டாமலும், உயிர்காப்பு அங்கி அணியாமலும், நீருக்குப் பொறுப்பான மின்சார சபையின் அனுமதி பெறாமலும் புறப்படுவது எக்காலத்திலும் கூடாது.

மட்டம் தாழ்ந்த மாதங்களில் வேறொரு கணக்கும் முளைக்கிறது. நிரம்பிய காலத்தில் பாதையோரத்திலிருந்து பத்தடியில் இருந்த நீர், அப்போது வழுக்கும் சேற்றுச் சரிவின் அடியில் வெகுதூரத்துக்கு விலகிவிடும். 2½ குதிரைவலு வகையில் இலேசானவை 13, 14 கிலோகிராம். ஒரு கையில் அதையும் மறு கையில் துடுப்பையும் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கலாம். 10 குதிரைவலு நாலடிப்பு இயந்திரம் 40 கிலோகிராம். அதற்கு இருவர் வேண்டும், அவ்விருவரும் வழுக்காதவராக இருக்க வேண்டும், திரும்பி ஏறும்போதும் அதே மனநிலையில் இருக்க வேண்டும். மேலே கொண்டுவருமுன் இயந்திரத்தைச் சிறிது நேரம் நிமிர்த்திப் பிடித்து உள்ளேயுள்ள நீரை வடியவிட்டு, தாங்கியின் காற்றுத் திருகையும் பெற்றோல் அடைப்பையும் மூடி, வாகனத்திற் கிடத்தும்போது அதன் உறையிற் குறித்திருக்கும் பக்கம் கீழே இருக்கும்படியே கிடத்த வேண்டும். மறுபக்கம் கிடத்தினால் எண்ணெய் உருளைக்குள் இறங்கி, அடுத்த முறை கயிற்றை இழுக்கையில் அது அசையவே அசையாது.